வில்லுக்கு எண்ணெயா, வார்னிஷா?

வாசகர் கேள்வி - பதில்

ஐப்பசி அடைமழை நெருங்குகிறது. அதனால் இந்த இதழில், கையால் செய்த மர வில், மூங்கில் வில்லுக்கான மேல்பூச்சு பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பதில்களில் 'முதுகு' என்றால் இலக்கைப் பார்த்த பக்கம், 'வயிறு' என்றால் எய்பவரைப் பார்த்த பக்கம். பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பாகங்களை மைதானத்தில் சொல்வதுபோல 'லிம்ப்' என்றே எழுதுகிறோம்.

ஐந்தடி எட்டங்குலத்தில், முதுகில் மூங்கில் பட்டை ஒட்டிய வில் ஒன்றைச் செய்து முடித்திருக்கிறேன். தச்சர் மெலமைன் பாலிஷ் அடிக்கச் சொல்கிறார். வீட்டிலோ தேங்காயெண்ணெய் தடவினால் போதும் என்கிறார்கள். எதைச் செய்வது?
- வாசகர், வேளச்சேரி

இரண்டும் வேண்டாம்.

மெலமைன் மேசைக்கும் கதவுக்கும் நல்ல பாலிஷ்தான். காய்ந்தால் கண்ணாடிபோல இறுகிவிடும். அதனால்தான் அது வில்லுக்கு ஆகாது. ஒவ்வொரு முறை நாணை இழுக்கும்போதும் முதுகு நீள்கிறது, வயிறு அமுங்குகிறது. விறைத்த படலம் அதற்கு ஈடுகொடுக்காமல் குறுக்காக வெடிக்கும், அந்த வெடிப்பு வழியே ஈரம் உள்ளே போகும். என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கரும் இதே ரகம். தேங்காயெண்ணெயின் குறை நேர் எதிரானது. அது எத்தனை நாள் ஆனாலும் காயாது. மரத்துக்குள் எண்ணெயாகவே இருந்து சிக்கு வாடை அடிக்கும், தூசியைப் பிடித்துவைக்கும். பிறகு மனம் மாறி வார்னிஷ் அடிக்கலாம் என்றாலும் ஒட்டாது. நல்லெண்ணெய்க்கும் விளக்கெண்ணெய்க்கும் இதே பதில்தான்.

காற்றுப்பட்டு இறுகும் எண்ணெய்களில் நமக்குச் சுலபமாகக் கிடைப்பது ஆளிவிதை எண்ணெய். பெயிண்ட் கடையில் 'டபுள் பாயில்டு லின்சீட்' என்று கேட்டு வாங்குங்கள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் பச்சை எண்ணெய் காய்வதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஆனால் வெறும் எண்ணெய் ஈரத்தைத் தடுப்பதில் சுமார்தான். உங்களுடையது வறண்ட ஊராக இருந்தால் அதோடு விட்டுவிடலாம், சென்னைக் காற்றுக்குப் போதாது. ஆகவே முதல் இரண்டு பூச்சு எண்ணெயும் வார்னிஷும் கலந்தது, அடுத்த மூன்று பூச்சு மெல்லிய வார்னிஷ் மட்டும். எங்கள் பரிந்துரை இதுதான்.

கலவை: டபுள் பாயில்டு லின்சீட், மினரல் டர்பன்டைன், ஒரே டப்பாவில் வரும் எண்ணெய் வகை பாலியூரித்தேன் (பியூ) வார்னிஷ், மூன்றும் சம பங்கு. தலா 15 மில்லி போதும், ஒரு வில்லுக்கு இரண்டு பூச்சும் வந்துவிடும். அடுத்த மூன்று பூச்சுக்கு அதே வார்னிஷும் டர்பன்டைனும் சரிபாதி, மொத்தம் 50 மில்லி. தண்ணீரில் கரையும் பியூவும், இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் பியூவும் இந்தக் கணக்கில் சேராது. கடையில் வெறுமனே 'பாலிஷ்' என்று கேட்காதீர்கள். அந்தச் சொல்லுக்கு எது வேண்டுமானாலும் வரும்.

பூசுவதற்கு முன் வில்லின் வளைவு முழுக்கச் சரிசெய்யப்பட்டு, நூறு நூற்றைம்பது அம்பாவது எய்திருக்க வேண்டும். புது வில் அந்த நூறு அம்புக்குள்தான் தன் நிலைக்கு வரும். ஒரு லிம்ப் கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது என்று அப்புறம் சீவ நேர்ந்தால் பூச்சு வீணாகிவிடும்.

வயிற்றையும் பக்கங்களையும் 120, 180, 220, 320 என்ற வரிசையில் உப்புத்தாள் போடுங்கள், எப்போதும் லிம்பின் நீளவாக்கில். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் படுக்கை வசமாக அடித்துப் பாருங்கள். பகலில் தெரியாத குறுக்குக் கீறல்கள் எல்லாம் நிழல் விழுந்து தெரியும். முதுகில் ஒரு குறுக்குக் கீறல் இருந்தாலும் விடக்கூடாது, விரிசல் தொடங்கும் இடம் அதுவாகத்தான் இருக்கும். ஓரங்களைப் பென்சில் அளவு உருட்டிவிடுங்கள். கூர் ஓரத்தில் எந்தப் பூச்சும் நிற்காது, வழிந்து மெலிந்துவிடும்.

மூங்கில் முதுகுக்கு மட்டும் இந்த விதி மாறும். மூங்கிலின் பலமெல்லாம் தோலை ஒட்டிய நாரில் இருக்கிறது. கணு மேடாக இருக்கிறதே என்று அதைத் தேய்த்துச் சமமாக்கினால் அந்த நார்களையே அறுத்துவிடுகிறீர்கள். தோல் மேல் உள்ள மெழுகுத்தன்மை போக ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, 320 தாளால் பளபளப்பு மங்கும் அளவுக்கு ஒரு தடவு. அவ்வளவுதான்.

இனி ஈரத்துணியால் வயிற்றுப் பக்கத்தை ஒரு முறை துடைத்து இரண்டு மணி நேரம் காயவிடுங்கள். படிந்திருந்த சிம்புகள் எழுந்து நிற்கும், கையில் தாடிபோல் உரசும். 320 தாளால் அவற்றை மட்டும் எடுத்துவிட்டு, டர்பன்டைன் லேசாகத் தொட்ட துணியால் தூசியைத் துடையுங்கள்.

பழைய பருத்தி பனியன் துணியை உள்ளங்கை அளவுக்கு மடித்து, கலவையில் தொட்டு, பிடியிலிருந்து நுனி நோக்கித் தேய்த்துப் பூசுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் மரம் குடிக்கட்டும். பிறகு உலர்ந்த துணியால் மேலே நிற்பதை முழுக்கத் துடைத்தெடுங்கள். பலர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். 'இவ்வளவு பூசிவிட்டுத் துடைக்கவா' என்று மனம் வராது. துடைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அடுத்த கேள்வியே சாட்சி. ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் 24 மணி நேரம், மழைக்காலமென்றால் 48. இரண்டாம் பூச்சிலிருந்து இடையே 400 தாளால் தூசிமுட்களை மட்டும் தட்டிவிடுங்கள்.

நாண் மாட்டும் காடிகளும் நுனிகளும் மரத்தின் வெட்டுவாய். ஸ்ட்ரா கட்டுபோல ஈரத்தை உறிஞ்சும் இடம் அது. அங்கே மட்டும் இரண்டு பூச்சு கூடுதலாகக் கொடுங்கள். பிடியில் தோல் ஒட்டுவதாக இருந்தால், முதல் பூச்சுக்கு முன்பே அந்த இடத்தை மாஸ்கிங் டேப்பால் சுற்றிவிடுங்கள். எண்ணெய் ஏறிய மரத்தில் பசை பிடிக்காது. பிடிக்கு வேண்டிய மெல்லிய ஆட்டுத்தோல் பெரியமேடு தோல் கடைகளில் துண்டாகவே கிடைக்கும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. லின்சீட் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூடு உண்டாகும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த டப்பாவில் முக்கி வையுங்கள்.

லின்சீட் எண்ணெய் பூசி ஐந்து நாள் ஆகிறது. இன்னும் பிசுபிசுவென்று இருக்கிறது. வெயிலில் வைக்கலாமா?
- வாசகர், திருவொற்றியூர்

வைக்காதீர்கள். மேல்தோல் மட்டும் சுருங்கி இறுகும், அடியில் எண்ணெய் அப்படியே இருக்கும். போதாக்குறைக்கு மரம் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து முறுக்கிக்கொள்ளும். மொத்தமாகப் பூசித் துடைக்காமல் விட்டிருப்பீர்கள். கெட்டியான எண்ணெய்ப் படலத்துக்குள் காற்று போகாது, காற்று போகாத இடத்தில் எண்ணெய் இறுகாது. டர்பன்டைன் நனைத்த சொரசொரப்பான துணியால் (கோணித்துண்டு நன்றாக வேலை செய்யும்) அழுத்தித் தேய்த்து, பிசுபிசுப்பு முழுவதையும் எடுத்துவிட்டு இரண்டு நாள் மின்விசிறிக் காற்றில் வையுங்கள். பிறகு மெல்லியதாக மறுபூச்சு.

மரம் தேக்கு என்றால் காரணம் வேறாகவும் இருக்கலாம். தேக்கில் இயற்கையாகவே உள்ள எண்ணெய்ப்பசை மேல்பூச்சைக் காயவிடாமல் இழுத்தடிக்கும். பூசுவதற்குச் சற்று முன்பு தின்னர் நனைத்த துணியால் துடைத்தால் இந்தத் தொல்லை குறையும். பூசும் நேரத்தையும் பாருங்கள். கடலோரத்தில் பிற்பகல் கடற்காற்று இறங்கியதும் காற்றில் ஈரம் கூடிவிடும். காலை ஒன்பது, பத்து மணிக்கு, பனி விட்டதும் பூசுவது நல்லது.

நன்றாக வார்னிஷ் அடித்த வில்லும் மழைக்காலத்தில் மந்தமாகிவிடுகிறது. பூச்சு ஈரத்தைத் தடுக்காதா?
- வாசகர், அண்ணா நகர்

தடுக்காது, தாமதப்படுத்தும். தெறித்த மழைத்துளியையும் உள்ளங்கை வியர்வையையும் அது நிறுத்திவிடும். காற்றில் உள்ள நீராவி எந்தப் பூச்சையும் தாண்டி மெல்ல மெல்ல உள்ளே போகும். நல்ல பூச்சு செய்வதெல்லாம் ஒரு நாளில் ஏறுவதைப் பல வாரத்துக்கு இழுப்பது. ஒரு வாரம் விடாமல் மழை பெய்தால் அது பெரிய உபகாரம், மூன்று மாதம் சுவரோரம் கிடந்தால் பூச்சால் பலன் ஒன்றுமில்லை.

காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் மரம் ஏறக்குறைய 9 சதவீத ஈரத்தில் நிலைக்கும். காற்று 80 சதவீதத்தில் நின்றால் மரம் 15 சதவீதம் வரை போகும். வில்லுக்கு உகந்தது 8 முதல் 10 சதவீதம். அதற்கு மேல் போனால் மரம் மெத்தென்றாகி, இழுத்த வளைவிலேயே கொஞ்சம் நின்றுவிடும், நாண் கழற்றினாலும் நேராகாது. 6 சதவீதத்துக்குக் கீழே போனால் முறியும்.

இதை அளக்க ஈரமானி தேவையில்லை. ஒரு கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு போதும். முற்றிலும் ஈரமில்லாத நிலையில் 550 கிராம் உள்ள வில், 10 சதவீத ஈரத்தில் 605 கிராம் இருக்கும், 14 சதவீதத்தில் 627. வித்தியாசம் 22 கிராம். ஒன்றரை மேசைக்கரண்டித் தண்ணீரை வில் குடித்திருக்கிறது என்று அர்த்தம். பூச்சு இல்லாத வில்லை ஏசி ஓடும் அறையில் இரண்டு வாரம் வைத்து நாள்தோறும் எடை போடுங்கள். மூன்று நாள் தொடர்ந்து ஒரே எடை நின்றால் அதைக் குறித்துக்கொண்டு அன்றே முதல் பூச்சைத் தொடங்குங்கள். ஈரத்தோடு இருக்கும் மரத்துக்கு மேல் பூசினால் பூச்சு ஈரத்தை உள்ளேதான் பூட்டும்.

அதனால் பூச்சு வேலைக்குத் தை பிறந்ததிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் கட்டாயம் செய்தாக வேண்டுமென்றால் ஏசி அறையில் காயவைத்து, கதவு ஜன்னல் திறந்த அறையில் பூசி, வாடை போனதும் மறுபடி உள்ளே கொண்டுபோங்கள்.

அரக்குப் பாலிஷ் ஈசியாக இருக்கிறது, சீக்கிரம் காய்கிறது. ஆனால் வெள்ளையாகப் பூத்துவிட்டது. ஏன்?
- வாசகர், பெரம்பூர்

மழை நாளில் அடித்திருப்பீர்கள். ஸ்பிரிட் வேகமாக ஆவியாகும்போது மரத்தின் மேல்பரப்பு குளிரும். ஈரக்காற்று அதன் மேல் நீர்த்துளியாகப் படிந்து படலத்துக்குள் சிக்கிக்கொள்ளும். அதுதான் வெண்மை. வறண்ட நாளில் ஸ்பிரிட் தொட்ட துணியால் வேகமாக ஒரு வீச்சு துடைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

அரக்கு மோசமான பூச்சு என்று சொல்ல மாட்டோம். வளைந்து கொடுக்கும், நீராவியை நன்றாகவே தடுக்கும், பழுதானால் அதே இடத்தில் மேலே மேலே பூசிக்கொள்ளலாம். ஆனால் தேங்கிய தண்ணீருக்கும் வியர்வைக்கும் தாங்காது. 120 கிராம் செதில் அரக்கை ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் ஒரு நாள் ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, நான்கைந்து மெல்லிய பூச்சாகக் கொடுங்கள். அளவு அதிகம் என்றால் 12 கிராமுக்கு 100 மில்லி. கரைத்து ஆறு மாதத்துக்கு மேல் ஆனதைக் கொட்டிவிடுங்கள், அது பூசினாலும் இறுகாது. அரக்கின் மேல் பாலியூரித்தேன் அடிக்க நினைத்தால் மெழுகு நீக்கிய அரக்காக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேல் பூச்சு உரிந்து வரும்.

ஒரு வருடம் எய்த வில். வயிற்றுப் பக்கம் பூச்சில் குறுக்குக் கோடுகள் தெரிகின்றன. மேலே இன்னொரு கோட் அடித்தால் மறையுமா?
- வாசகர், மடிப்பாக்கம்

மறையும். அதனால்தான் அடிக்கக் கூடாது. கோடு பூச்சில் இருக்கிறதா மரத்தில் இருக்கிறதா என்று தெரியாமல் மூடிவிட்டால், அடுத்து வில் சொல்லும் பதில் முகத்துக்கு நேராக இருக்கும்.

நாணைக் கழற்றுங்கள். கோடுகள் அடர்ந்த இடத்தில் இரண்டு அங்குல நீளத்துக்கு மட்டும் பூச்சைச் சுரண்டுங்கள். தச்சர்கள் செய்வதுபோல் உடைந்த கண்ணாடிச் சில்லை நிமிர்த்திப் பிடித்து இழுத்தால் பூச்சு மாவாக வரும், மரம் போகாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வெறும் மரம் தெரிந்ததும் கறுப்பு ஷூ பாலிஷை விரல் நுனியில் தொட்டுத் தேய்த்து, உடனே துடைத்துவிடுங்கள். மரம் சுத்தமாக இருந்தால் கோடு பூச்சோடு போயிற்று, விறைத்த பூச்சுதான் வெடித்திருக்கிறது. முழுவதையும் சுரண்டிவிட்டு முதல் பதிலில் சொன்னபடி பூசலாம். கறுப்பு, முடி அளவு குறுக்குக் கோடாக மரத்தில் தங்கினால், வயிற்றுப் பக்க நார் அமுங்கி நசுங்கியிருக்கிறது. அந்த இடம் மற்ற இடங்களைவிட அதிகமாக வளைந்ததுதான் காரணம். கோட்டுக்கு இருபுறமும் உள்ள விறைப்பான பகுதிகளைச் சீவி வளைவைப் பரப்பினால், சிறு கோடுகளோடு வில் பல காலம் உழைப்பதும் உண்டு. ஆனால் இழுவிசை குறையும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். நகத்தால் வருடினால் தட்டும் அளவுக்குக் கோடு ஆழமென்றால் அந்த வில்லைச் சுவரில் மாட்டிவிடுங்கள்.

முதுகில் கோடு என்றால் இத்தனை ஆராய்ச்சியே வேண்டாம். ஒரு பஞ்சு உருண்டையை லிம்பின் நீளத்துக்கு இரண்டு திசையிலும் மெல்ல ஓட்டுங்கள். எங்காவது பஞ்சு இழை சிக்கி நின்றால் சிம்பு எழும்ப ஆரம்பித்துவிட்டது. அந்த வில்லை இனி இழுக்காதீர்கள், பூச்சு எதையும் ஒட்டிவைக்காது.

மகள் இந்தியன் ரவுண்ட் பிரிவில் மூங்கில் வில்லால் எய்கிறாள். பயிற்சியில் வில் மழையில் நனைந்துவிட்டது. மறுநாள் 30 மீட்டரில் அம்பெல்லாம் தாழ்ந்து விழுகின்றன. பிடியும் கறுத்திருக்கிறது.
- வாசகி, பெசன்ட் நகர்

மகளின் கையில் குறையில்லை அம்மா. ஈரம் ஏறிய வில் மந்தமாகிவிட்டது, அம்பு வேகம் குறைந்து தாழ்கிறது. நாணைக் கழற்றி, துடைத்து, இரண்டு ஆணிகள் மேல் கிடைமட்டமாக வைத்து மின்விசிறிக் காற்றில் மூன்று நாள் விடுங்கள். அதுவரை எய்யச் சொல்லாதீர்கள். ஈரத்தோடு இழுத்தால் ஏற்படும் வளைவு நிரந்தரமாகிவிடும். ஹேர் டிரையர், அடுப்பு, மொட்டைமாடி வெயில் எதுவும் கூடாது.

பிடி கறுத்தது வியர்வை உப்பாலும் அழுக்காலும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கடலோர மைதானத்தில் பயிற்சி என்றால் இது இரட்டிப்பு. தினமும் பயிற்சி முடிந்ததும் நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் துடைக்கச் சொல்லுங்கள். கறுப்பை 320 தாளால் எடுத்துவிட்டுப் பிடிக்கு மட்டும் இரண்டு பூச்சு கொடுங்கள். பத்து நாள் கழித்து மெழுகு தடவினால் கையும் வழுக்காது, உப்பும் ஒட்டாது.

மெழுகு செய்முறை: நாட்டு மருந்துக் கடைத் தேன்மெழுகு 20 கிராமைச் சீவி, கிண்ணத்தில் போட்டு, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். அடுப்பை அணைத்து, கிண்ணத்தை வேறு அறைக்குக் கொண்டுபோன பிறகு 60 மில்லி டர்பன்டைன் ஊற்றிக் கலக்குங்கள். ஆறினால் வெண்ணெய் பதம் வரும். மெழுகுக்கு மேல் வார்னிஷ் ஒட்டாது, எனவே இது எப்போதும் கடைசி.

மூங்கில் வில்லுக்கு அடியில் தினமும் மாவுபோல் பொடி கொட்டிக் கிடக்கிறது. வார்னிஷ் அடித்தால் நின்றுவிடுமா?
- வாசகர், தாம்பரம்

நிற்காது. உள்ளே வண்டு அரித்துக்கொண்டிருக்கிறது. மூங்கிலில் உள்ள மாவுச்சத்துதான் அதற்குச் சாப்பாடு. வார்னிஷ் ஓட்டையை மூடும், வண்டு இன்னொரு ஓட்டை போடும். வளைகிற பகுதியில் துளை இருந்தால் அந்த லிம்பை நம்பாதீர்கள், வெளியே ஒரு துளை என்றால் உள்ளே எவ்வளவு தூரம் குடைந்திருக்கிறது என்று பார்க்க வழியில்லை. மற்ற வில்களிடமிருந்து அதைத் தள்ளி வையுங்கள்.

முதுகில் பாம்புத்தோல் ஒட்டினால் ஈரம் ஏறாது என்கிறார்களே?
- வாசகர், ஆவடி

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். உடும்புத்தோலும் அப்படியே. பலன் என்று பார்த்தாலும் அழகு மட்டும்தான், அந்தத் தோலுக்கு மேலும் வார்னிஷ் அடித்துத்தான் ஆக வேண்டும். முதுகுக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் பட்டுத்துணியை ஒட்டிப் பூசுங்கள்.

ஆயுத பூஜைக்கு வில்லுக்குச் சந்தனம், குங்குமம் வைக்கலாமா? கறை படியுமா?
- வாசகி, மயிலாப்பூர்

பூச்சு இல்லாத மரத்தில் குங்குமக் கறை போகவே போகாது. அரக்குப் பூச்சு என்றால் ஈரச் சந்தனம் வெள்ளை வட்டமாக அச்சு விடும். பாலியூரித்தேன் பூச்சில் வைத்து மறுநாள் துடைத்துவிட்டால் ஒன்றும் ஆகாது. பிடியில் சுற்றிய தோல் மேல் வைப்பது எல்லாவற்றையும்விட நல்லது.

மூங்கில் அம்புகளுக்கும் இதே எண்ணெய்க் கலவையைப் பூசலாமா? வில்லையும் அம்பையும் காரிலேயே வைத்திருக்கிறேன்.
- வாசகர், போரூர்

அம்புக்கு எண்ணெய் வேண்டாம், இறகு ஒட்டும் பசை அதில் நிற்காது. பாதிக்குப் பாதி நீர்த்த பாலியூரித்தேன் இரண்டு பூச்சு போதும். இறகு வரும் இடத்தில் மெழுகு படக்கூடாது.

காரிலிருந்து வில்லை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பட்டை ஒட்டிய பசை இளகி முதுகு வழுக்கும், மரமும் ஒரேயடியாகக் காய்ந்துபோகும். வீட்டிலும் மூலையில் சாய்த்து வைக்காதீர்கள், லிம்ப் ஒரு பக்கம் சாய்ந்து பழகிவிடும். பிவிசி குழாய்க்குள் மூடி வைத்தால் பூஞ்சை பூக்கும். மழையில் வியர்க்கும் வெளிச்சுவரை விட்டு உள்சுவரில், சமையலறை ஆவி வராத இடத்தில், நாண் கழற்றி, இரண்டு மர முளைகளின் மேல் படுக்கவையுங்கள். அதற்கு முன் ஒரு முறை எடை போட்டுத் தேதியோடு சுவரிலேயே எழுதிவிடுங்கள். கார்த்திகையில் மறுபடி தராசில் வைக்கும்போது அந்த எண் வேண்டியிருக்கும்.